லோரி எங்கே போகிறது?

போன மாதம் ஒரு தங்கை தன் சிறுகதையை அனுப்பியிருந்தார். கெமாஸ் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர், இப்போது சிரம்பானில் வேலை. கதையில் ஒரு அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார். முதுகு வலி, கடன், மகளின் பள்ளிக் கட்டணம். கடைசியில் குலைகள் லோரியில் ஏறுகின்றன. செம்மண் சடக்கில் தூசியைக் கிளப்பிக்கொண்டு லோரி போகிறது. அப்பா தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து முகம் துடைக்கிறார். கதை முடிந்தது.

மோசமான கதை இல்லை. குலை விழும் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவரால்தான் அப்படி எழுத முடியும். ஆனால் ஓரத்தில் ஒரு கேள்வியை எழுதித் திருப்பி அனுப்பினேன்: "லோரி எங்கே போகிறது?"

கிண்டல் இல்லை. நான் படித்த தோட்டக் கதைகளில் பெரும்பாலானவற்றில் லோரி அதோடு காணாமல் போய்விடுகிறது. கித்தா காலத்துக் கதை என்றால் பால் ஸ்டோரோடு நின்றுவிடும். பெரட்டுக்களம், கங்காணி, கிராணி, லயத்து வீடு, கள்ளுக்கடை, கோயில் திருவிழா. இதற்கு வெளியே ஏதாவது நடந்தால் அது தோட்டத் துண்டாடலாக, இல்லாவிட்டால் பிள்ளைகள் நகரத்துக்குப் போவதாக இருக்கும். 1970களில் அகிலன் இங்கே வந்து பார்த்து 'பால்மரக் காட்டினிலே' எழுதியபோதும் வேலியின் அந்தப் பக்கத்தைத்தான் எழுதினார். அவரைக் குறை சொல்லவில்லை, அதுவே அன்றைக்குச் சொல்லப்பட வேண்டியதாக இருந்தது. ஐம்பது வருடம் கழித்தும் நாம் அதே வேலிக்குள் நிற்கிறோமே என்பதுதான் என் குறை.

ஆள் போன வழியில் நம் இலக்கியம் போயிருக்கிறது. சரக்கு போன வழியில் போனதே இல்லை.

கெமாஸில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு இது ரயில் மாறும் ஊர். கிழக்குக் கரைக்குப் போகிற தண்டவாளம் இங்கேதான் பிரிகிறது. இங்கே இருக்கிறவர்களுக்கு இது இராணுவ முகாம் ஊரும்கூட. சையட் சிராஜுடின் முகாமில் மலேசிய இராணுவத்தின் கவசப் படையின் 11ஆவது ரெஜிமென்ட் இருக்கிறது. நாட்டின் முதன்மைப் போர் டாங்கிகளான பிடி-91எம் 'பெண்டேக்கார்' நிற்பது அங்கேதான். மொத்தம் 48. போலந்துக்காரர்கள் செய்தது. 2003இல் பூமார் என்ற போலிஷ் நிறுவனத்தோடு ஒப்பந்தம், மதிப்பு ஏறக்குறைய 37 கோடி அமெரிக்க டாலர். 2000களின் கடைசியில் வந்து சேர்ந்தன. விலையின் ஒரு பகுதி செம்பனை எண்ணெயாகக் கட்டப்பட்டது.

சடக்கின் ஒரு பக்கம் குலை, மறு பக்கம் டாங்கி. நடுவில் ஓர் ஒப்பந்தம். இதை எழுத ஒரு ஆள் கிடைக்கவில்லையா நமக்கு?

இது ஒரு தடவை நடந்த விநோதமும் இல்லை. 1990களின் நடுவில் ருஷ்யாவிடமிருந்து 18 மிக்-29 விமானங்கள் வாங்கியபோதே விலையில் ஒரு பங்கு செம்பனை எண்ணெய். 2003இல் 18 சுகோய் விமானங்கள், 90 கோடி டாலர். அந்தக் கணக்கிலும் எண்ணெய் உண்டு. கூடவே ஒரு மலேசியரை விண்வெளிக்கு அனுப்பித் தருவதாகவும் ருஷ்யா ஒப்புக்கொண்டது. 2007இல் ஷேக் முஸாபர் மேலே போனது அந்தக் கொசுறில்தான். நாம் பள்ளியில் கொடி ஆட்டினோம். 2023இல் தென்கொரியாவின் எஃப்ஏ-50 விமானங்கள் 18, விலை 92 கோடி டாலர். அதில் பாதியாவது செம்பனை எண்ணெயாகக் கட்டலாம் என்று செய்தி வந்தது. அந்தப் போட்டியில் இந்தியாவின் தேஜாஸும் இருந்தது, தோற்றது.

இந்த இடத்தில் நம் எழுத்தாளருக்கு ஓர் ஆசை வரும், எனக்கும் வந்தது. "எங்கள் ரத்தம் டாங்கியானது" என்று ஒரு வரி. கைதட்டு நிச்சயம். ஆனால் அந்த வரி பொய். 2003இல் இந்த வட்டாரத்துச் செம்பனைக் காடுகளில் குலை வெட்டியவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர்? நிறையத் தோட்டங்களில் லயம் ஏற்கனவே காலி. வெட்டியவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியர்கள், பிறகு வங்காளதேசிகள், நேப்பாளிகள். தாத்தா காலத்தில் சிந்திய வியர்வையைப் பேரனின் கவிதைக்குக் கடன் வாங்கலாம். ஆனால் இன்றைக்கு அங்கே நிற்கிறவனின் வியர்வையை நம்முடையது என்று எழுதினால் அது திருட்டு. சரக்கைப் பின்தொடர்வதில் முதல் சங்கடமே இதுதான். நம் சோகத்துக்கு வசதியான இடத்தில் அது நின்றுகொண்டிருப்பதில்லை.

இரண்டாவது, இந்தப் பண்டமாற்றில் யாரும் யாருக்கும் இரக்கம் காட்டவில்லை, எல்லாம் கணக்கு. போலந்துக்கு, பனிப்போர் முடிந்து ஆர்டர் குறைந்துபோன டாங்கித் தொழிற்சாலையை உயிரோடு வைத்திருக்க ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் வேண்டும். மலேசியாவுக்கு, டாலரைக் கையிலிருந்து விடாமல் எண்ணெய்க்குப் புதுச் சந்தை வேண்டும், ஆயுதத்துக்கு ஒரே நாட்டை நம்பியிருக்கவும் கூடாது. டாங்கியைத் திறந்து பார்த்தாலே இந்த அரசியல் தெரியும். அடிப்படை வடிவம் சோவியத் டி-72, கியர்பாக்ஸ் ஜெர்மனி, குறிபார்க்கும் கருவி பிரான்ஸ். ஆயுதம் வாங்குவது கார் வாங்குவது மாதிரி இல்லை. உதிரிபாகம் முப்பது வருடம் வர வேண்டும். அந்த முப்பது வருடமும் விற்றவரோடு, அவருக்குப் பாகம் தந்தவரோடு, முகம் கோணாமல் இருக்க வேண்டும். அதே குடும்பத்து பிடி-91 டாங்கிகளைப் போலந்து உக்ரைனுக்குக் கொடுத்திருக்கிறது. போலந்துத் தொழிற்சாலையின் கையும் மனமும் இப்போது எங்கே இருக்கும் என்று கெமாஸில் பழுது பார்க்கிறவர் யோசிக்காமலா இருப்பார்?

விற்கிறவன்தான் நிபந்தனை போடுவான் என்று நினைப்போம். வாங்குகிறவனும் போடலாம். போக்குவரத்து எரிபொருளில் செம்பனை எண்ணெயைப் படிப்படியாகக் குறைக்க ஐரோப்பிய ஒன்றியம் முடிவெடுத்தபோது, 2019 மார்ச்சில் மகாதீர் சொன்னதன் சாரம் இது: எங்கள் எண்ணெயை ஒதுக்கினால் விமானத்தைச் சீனாவிடமோ வேறு யாரிடமோ வாங்கிக்கொள்வோம். பிரான்சின் ரஃபால் விமானம் அப்போது பரிசீலனையில் இருந்த ஒன்று. குலை விலைக்கும் போர் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பிரதமரே வாயால் சொன்ன பதில் அது.

இந்தச் சம்பந்தத்தின் வேர் இன்னும் பழசு. இதில் ஒரு முழு நாவல் படுத்துக்கிடக்கிறது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1981 செப்டம்பர் 7. லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்தில் பெர்மோடாலான் நேஷனல் என்ற மலேசிய அரசு நிறுவனம் கத்ரி கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கை வாங்கி முடித்தது. கத்ரி என்றால் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய 2 லட்சம் ஏக்கர் தோட்டம் காலை டீ வேளைக்குள் கை மாறியது. லண்டன்காரர்களுக்குக் கோபம், பங்குச் சந்தை விதிகளை மாற்றினார்கள். இங்கே பிரதமராகி மூன்று மாதம்கூட ஆகாத மகாதீருக்கும் கோபம். வெளிநாட்டு மாணவர் கட்டணத்தை பிரிட்டன் ஏற்றியதும் அதோடு சேர்ந்துகொண்டது. "பிரிட்டிஷ் பொருள் கடைசியில்" என்ற கொள்கை வந்தது.

அதைச் சரிக்கட்ட மார்கரெட் தாட்சர் நேரிலேயே இறங்கினார். 1985இல் கோலாலம்பூர் வந்தார். 1988 மார்ச்சில் அவருடைய பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் யங்கர் இங்கே ஓர் ஆவணத்தில் கையெழுத்திட்டார். மலேசியா வாங்கப்போகும் ஆயுதங்களின் மதிப்பில் 20 விழுக்காட்டுக்கு வளர்ச்சி உதவி தரலாம் என்பது அதன் உள்ளடக்கம். உதவியை ஆயுதத்தோடு முடிச்சுப் போடக்கூடாது என்பது பிரிட்டனின் சொந்தக் கொள்கை. விழித்துக்கொண்டார்கள். ஜூன் மாதம் ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் மலேசிய நிதியமைச்சருக்குப் போயின. ஒன்று, ஆயுதத்துக்கும் உதவிக்கும் தொடர்பு வைக்க இயலாது என்றது. மற்றொன்று, 20 கோடி பவுன் வரை உதவி தரத் தயார் என்றது.

இந்த இரண்டு கடிதங்களையும் நான் இலக்கியப் பிரதிகளாகவே பார்க்கிறேன். தனித்தனியாகப் படித்தால் ஒவ்வொன்றும் உண்மை பேசுகிறது. ஒரே தபாலில் சேர்த்துப் படித்தால்தான் கதை. சொல்லாமல் சொல்வதைப் பற்றி நம் பட்டறைகளில் மணிக்கணக்கில் பேசுகிறோம். அதில் இந்த வெளியுறவு எழுத்தர்களிடம் நாம் பாடம் படிக்கலாம்.

உதவி கடைசியில் கிளந்தானில் பெர்காவ் அணையாக வந்தது, 23 கோடியே 40 லட்சம் பவுன். அணை பொருளாதார ரீதியில் லாயக்கில்லை என்று பிரிட்டனின் வெளிநாட்டு உதவித் துறையின் தலைமை அதிகாரி டிம் லேங்கெஸ்டர் எழுத்தில் ஆட்சேபித்தார். 1991இல் வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் அதைத் தாண்டிப் பணத்தை அனுமதித்தார். லேங்கெஸ்டர் ஒரு காலத்தில் தாட்சரின் தனிச்செயலராகவே இருந்தவர், பிற்பாடு இந்த விவகாரத்தைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். ஹாக் போர் விமானங்கள் 28 வந்தன, போர்க்கப்பல்கள் வந்தன. 1994இல் பிரிட்டிஷ் பத்திரிகைகள் கிளறத் தொடங்கியதும், பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கு அரசாங்கக் குத்தகை கிடையாது என்று மலேசியா சில மாதங்கள் கதவைச் சாத்தியது. அந்த வருடம் நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம், பெர்காவுக்குப் பணம் கொடுத்தது சட்டத்துக்குப் புறம்பு என்று தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டது ஒரு சின்னப் பிரச்சார அமைப்பு.

தோட்டம், பங்குச் சந்தை, கோபம், சமாதானம், விமானம், அணை, நீதிமன்றம். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியில் நம்மவர்களின் லயம் இருக்கிறது. கத்ரி கை மாறிய அன்று காலையும் பெரட்டு எடுத்திருப்பார்கள், பால் சீவியிருப்பார்கள். முதலாளி மாறினார், சம்பளம் மாறவில்லை. அந்த ஒரு நாளை, லண்டனையும் லயத்தையும் மாற்றி மாற்றிக் காட்டி யாராவது எழுதியிருந்தால் தேடிப் படிப்பேன்.

"இதெல்லாம் பெரிய மனிதர்கள் விஷயம், குலை வெட்டுகிறவனுக்கு என்ன தெரியும்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலும் கெமாஸ் வழியாகத்தான் வருகிறது.

1938 நவம்பர், ஆஸ்திரேலியாவின் போர்ட் கெம்பிளா துறைமுகம். ஜப்பானுக்குப் போகும் வார்ப்பிரும்பை 'டல்ஃப்ராம்' என்ற கப்பலில் ஏற்ற மாட்டோம் என்று தொழிலாளர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். ஜப்பான் அப்போது சீனாவில் ஊர் ஊராகக் குண்டு போட்டுக்கொண்டிருந்தது. இந்த இரும்பு அங்கே குண்டாகும், நாளைக்கு நம் மேலேயும் விழும் என்பது அவர்கள் வாதம். வெளிநாட்டுக்கு எதை விற்பது என்பது அரசாங்கத்தின் முடிவு, துறைமுகக் கூலிக்கு அதில் என்ன வேலை என்பது அரசாங்கத்தின் பதில். அமைச்சர் ராபர்ட் மென்சீஸ் கடுமையான சட்டத்தை வைத்து மிரட்டினார். 'வார்ப்பிரும்பு பாப்' என்ற பட்டப்பெயர் கடைசிவரை அவரை விடவில்லை. பத்து வாரம் தாக்குப் பிடித்தார்கள். 1939 ஜனவரியில் இரும்பு ஏறியது.

மூன்று வருடம். 1942 ஜனவரி 14 அன்று, கெமாஸுக்கு மேற்கே கெமென்சே பாலத்தில் ஆஸ்திரேலியாவின் 2/30ஆவது பட்டாளம் பதுங்கிக் காத்திருந்தது. ஜப்பானியர்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிளில் வந்தார்கள். பாலத்தை வெடித்துத் தகர்த்துச் சுட்டார்கள். ஒரு நாள் வெற்றி. அடுத்த மாதம் சிங்கப்பூர் விழுந்தது. நினைவுச்சின்னம் இன்றைக்கும் தம்பின் போகும் சடக்கில் இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் எங்களை அங்கே நிறுத்திப் படம் எடுத்தார்கள். போர்ட் கெம்பிளாவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மலாயாவின் இரும்பும் ஜப்பானுக்குத்தான் போனது என்பதையும் சொல்லவில்லை. பத்து பகாட் பக்கத்து ஸ்ரீ மேடானிலும் திரெங்கானுவின் டுங்குனிலும் ஜப்பானியக் கம்பெனிகள் சுரங்கம் வைத்து வருடக்கணக்காகக் கப்பல் கப்பலாக ஏற்றின. வெள்ளைக்கார அரசு உரிமக் கட்டணம் வாங்கிக்கொண்டது. (அதே வெள்ளைக்காரன் முன்னால் சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமை வேண்டும் என்று 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். பட்டாளம் வந்து சுட்டது. போருக்குக் கித்தா அவசரம்.)

ஆக, துறைமுகக் கூலிக்குத் தெரிந்திருந்தது. தன் கையால் ஏற்றுவது எங்கே போகிறது என்று கேட்டான். அவனை நாம் ஏன் எழுதவில்லை என்று நான் கேட்க முடியாது, அவன் நம் ஆள் இல்லை. ஆனால் அதன் அடுத்த அத்தியாயத்தை நாம் எழுதியிருக்கிறோம். கெமென்சேயில் சுட்டுவிட்டு சிங்கப்பூரில் சரணடைந்த ஆஸ்திரேலியர்களில் பலர் சயாம் மரண ரயில் பாதையில் போய்ச் சேர்ந்தார்கள். தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன நம் தாத்தாக்களும் அங்கேதான். ஆர்.சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ.ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்', கோ.புண்ணியவானின் 'கையறு' என்று ஒரு வரிசையே இருக்கிறது. மலேசியத் தமிழ் நாவல் வேலியைத் தாண்டித் தூரமாக நடந்த இடம் இதுதான் என்பேன். அவை மனிதர்களைத் தேடிக்கொண்டு போன நாவல்கள். அந்த மனிதர்களைக் கொண்டுபோன தண்டவாளத்துக்கும் துப்பாக்கிக்கும் இரும்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அவற்றின் வேலை இல்லை. இனி எழுதுகிறவர்களின் வேலை.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இன்னொரு இடத்தில் நாம் இந்தக் கேள்வியை விடாமல் கேட்டிருக்கிறோம். 2009இல் முள்ளிவாய்க்காலைப் பற்றிச் செய்தி வந்த நாட்களில், நம் வீடுகளில் எல்லோரும் ஆயுத வியாபார நிபுணர்கள். யார் குண்டு கொடுத்தான், யார் ரேடார் கொடுத்தான் என்று சாப்பாட்டு மேசையிலேயே பட்டியல் போட்டோம். தப்பில்லை. 1996இல் இஸ்ரேலின் கிஃபிர் விமானங்கள் இலங்கைக்கு வந்தன. 2000 ஏப்ரலில் ஆனையிறவு விழுந்தது. அடுத்த மாதமே, 1970இல் முறித்துக்கொண்ட இஸ்ரேல் உறவை இலங்கை புதுப்பித்தது. தூதரகம் திறந்தது நட்புக்காக இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். 2007இல் இந்தியாவின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் எம்.கே.நாராயணன் சென்னையில், முதல்வர் கருணாநிதியைப் பார்த்துவிட்டு வந்து, இலங்கை ஆயுதத்துக்குச் சீனாவிடமோ பாகிஸ்தானிடமோ போகக்கூடாது, தேவையானதை நாங்கள் பார்த்துக் கொடுப்போம் என்றார். தமிழ்நாட்டின் மனசு ஒரு தட்டில், வட்டார வல்லரசுக் கணக்கு இன்னொரு தட்டில். எந்தத் தட்டு இறங்கியது என்று நாம் பார்த்தோம்.

குண்டு விழும் இடத்தில் நம்மவர்கள் இருந்தால் சரக்கின் வழி நமக்கு அத்துப்படி. குண்டுக்கு விலை கட்டும் இடத்தில் நம் தோட்டம் இருந்தால் மட்டும் லோரி தூசியில் மறைந்துவிடுகிறது. என் புகார் அரசாங்கத்தின் மேல் இல்லை. நாடு என்று இருந்தால் டாங்கி வைத்திருக்கும், அதை எதையாவது விற்றுத்தான் வாங்கும். போலந்து டாங்கிகள் கெமாஸிலிருந்து கிளம்பி யாரையும் கொல்லவுமில்லை. அதனால்தான் இதை எழுதுவது கஷ்டம். வில்லன் இல்லை, பிணம் இல்லை, ஒப்பாரிக்கு இடமில்லை. ஓர் ஒப்பந்தம், ஓர் எண்ணெய்த் தொட்டி, ஒரு கையெழுத்து. இவற்றை வைத்துக் கதை பண்ண நமக்குப் பழக்கமில்லை. நம் கதைக்கலை கங்காணியின் பிரம்போடு வளர்ந்தது, அடிக்கிற கை கண்ணுக்குத் தெரிந்தால்தான் அதற்குப் பேச வரும்.

தங்கையிடமிருந்து போன வாரம் பதில் வந்தது. அரை மணி நேரக் குரல் பதிவு. லோரி பின்னாலேயே தன் மைவியில் போய்ப் பார்த்தாராம். ஆலை வாசலில் நிறுவை எடுக்கும் இடம்வரை விட்டார்களாம், அதற்கு மேல் பாஸ் வேண்டுமாம். வரிசையில் பதினேழு லோரி. முகாம் பக்கமிருந்து டாங்கி ஏற்றிய டிரெய்லர் ஒன்று வந்ததில் திரும்பும்போது சடக்கு அடைத்துக்கொண்டதாம். அதை அவர் பெரிதாகச் சொல்லவில்லை, தாமதமானதற்குக் காரணமாகத்தான் சொன்னார்.

கடைசியில் கேட்டார்: "அண்ணே, அப்பா இப்ப வெட்டறதில்ல, ரிட்டயர் ஆயிட்டாரு. லோரி ஓட்டறவரு லொம்போக்காரரு. வாசல்ல ரெண்டு மணி நேரம் எங்கூடப் பேசிக்கிட்டிருந்தாரு. அவர வச்சு எழுதினா அது நம்ம கதையா இருக்குமா?"

எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.